கடல் கடக்க வழியுண்டு. படிவம் கடக்க யார் துணை?

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் வந்துவிட்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வந்துவிட்டது. கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைந்த காலமும் போய்விட்டது. ஆனால், தமிழ்நாட்டுக்கு ஒரு கிழமை போய்வர நினைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பம் இன்னும் ஓர் இடத்தில் தடக்குப்பட்டு நிற்கிறது. அது இணையவழி விசாப் படிவம்.

பத்தாம் வகுப்புப் படித்த ஒருவர், பக்கத்தில் தமிழ் விளக்கம் இருந்தால், தானே நிரப்பக்கூடிய படிவம் அது. அந்த விளக்கம் கைக்குக் கிடைக்காததால் பலர் போலி இணையத்தளங்களில் பணத்தைக் கொட்டுகிறார்கள். வேறு பலர் கடவுச்சீட்டுப் பிரதியையும் குடும்ப விவரத்தையும் முன்பின் தெரியாத கணினியில் விட்டுவிட்டு வருகிறார்கள். பிழை நேர்ந்தால் விமான நிலையத்தில் திரும்பி நிற்பவர், பணம் வாங்கியவர் அல்ல; பயணிதான். இதைத் தனியாட்களின் கவலையீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசும் ஊரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய பொதுப் பிரச்சினை இது.

திறந்து வந்த வழி

தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் போரோடு நின்றுபோன பிறகு, தமிழ்நாடு என்பது எங்கள் பலருக்கு வள்ளத்தில் தப்பிப் போகும் கரையாகவே இருந்தது. முறைப்படி போக விரும்பியவர்கள் கொழும்பில் லொட்ஜ் எடுத்துத் தங்கி, விடிய முதலே தூதரக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 2010 இல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 13 அன்று கொழும்புக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, சித்திரைப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 முதல் இலங்கையர் இணையவழியில் சுற்றுலா அனுமதி பெறலாம் என்று அறிவித்தார். மறுநாள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து போனார்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொவிட் காலத்தில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ விமான நிறுவனம் சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. 2025 செப்டெம்பர் 1 அன்று யாழ். மாவட்டச் செயலகத்தில் பிராந்தியக் கடவுச்சீட்டு அலுவலகத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க திறந்துவைத்தார்.

ஓடுபாதை, துறைமுகம், அலுவலகம் என்று காசும் காலமும் தின்னும் வேலைகள் நடந்துவிட்டன. எஞ்சியிருக்கும் வேலை இவற்றில் எதையும்விட மலிவானது. அதனால்தானோ என்னவோ, அதை ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

யார் போகிறார்கள்?

சுற்றுலா விசா என்ற பெயரைப் பார்த்து, காசு மிஞ்சியவர்களின் உல்லாசப் பயணம் என்று நினைக்கக்கூடாது. சிதம்பரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் நேர்த்தி வைத்தவர்கள் போகிறார்கள். கலியாணக் கூறைக்காகப் போகிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் இருக்கும் சகோதரங்களைப் பார்க்கப் போகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சிலோ சுவிஸிலோ அகதி அந்தஸ்தில் இருக்கும் மகனால் பெற்றோரைப் பார்க்க இலங்கைக்கு வரமுடிவதில்லை. தாயும் தகப்பனும் அங்கே போக ஷெங்கன் விசா இலகுவில் கிடைப்பதில்லை. இரு பகுதியும் சந்திக்கக்கூடிய இடம் சென்னையோ திருச்சியோதான். மகன் வேலையில் லீவு எடுத்து, டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பான். இங்கே தாயின் விசாவில் கடவுச்சீட்டு இலக்கத்தின் ஓர் எழுத்துப் பிழைத்தால், பல வருடம் காத்திருந்த சந்திப்புத் தவறிவிடும். அந்தப் படிவத்தில் தங்கியிருப்பது எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கடை மேசையில் நடப்பது

குடாநாட்டின் எந்தச் சந்தியிலும் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும். பெரும்பாலான படிவங்கள் அந்த மேசையில்தான் நிரப்பப்படுகின்றன. அங்கே கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஓர் உரையாடல் காதில் விழும்.

“அம்மா, இந்தியாவில தெரிஞ்ச ஆள் ஆர்?”

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. கோயிலடியில அறை எடுத்து நிக்கப்போறம்.”

“சரி, நான் ஒண்டு போடுறன். முந்திப் போயிருக்கிறியளோ?”

“தொண்ணூறில வள்ளத்தில போய் மண்டபம் முகாமில இருந்தனாங்கள். பிறகு வந்திட்டம்.”

“அதை விடுங்கோ. ‘இல்லை’ எண்டே போடுவம்.”

அந்தப் பொடியனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. வரிசையில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். அவனுக்கு வேலை முடியவேண்டும். ஆனால் இந்த இரண்டு பதில்களுமே அந்த அம்மாவைச் சிக்கலில் மாட்டக்கூடியவை. படிவத்தின் முடிவில், தந்த விவரம் எல்லாம் உண்மை என்ற உறுதிமொழி வருகிறது. அந்த உறுதிமொழி அம்மாவினுடையது. முகாமில் பதிவு இருந்து, படிவத்தில் ‘இல்லை’ என்று நின்றால், குடிவரவு அதிகாரிக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.

இந்தியாவில் தொடர்புக்கு ஒருவர் என்று கேட்கும் இடத்தில், தங்கப்போகும் விடுதியின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்கலாம். முன்பு இருந்தது உண்மையென்றால் ‘ஆம்’ என்றே சொல்லவேண்டும். அகதியாகப் போய் வந்தவர்கள், முன்பு விசா மறுக்கப்பட்டவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கணினி மேசையில் தீர்வு தேடாமல், வழமையான விசா பற்றித் துணைத் தூதரகத்திலோ விசா விண்ணப்ப நிலையத்திலோ விசாரிப்பது நல்லது.

பெயரிலும் இதே கதைதான். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயரே முன்னால் நிற்கும். படிவமோ குடும்பப் பெயரையும் மற்றப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது. பிறப்புச் சான்றிதழில் எப்படி, அடையாள அட்டையில் எப்படி என்று யோசிக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே எழுதவேண்டும்.

திகதியில் வரும் குழப்பம்

30 நாள் சுற்றுலா ஈ-விசாவில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். அந்தத் திகதிக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்தத் திகதிக்கு முன் இந்தியாவுக்குள் கால்வைக்கவேண்டும் என்பதே பொருள். 30 நாள் என்பது இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இது தெரியாமல் பயணத்தைக் குறுக்கிக்கொண்டு, டிக்கெட்டை மாற்றக் காசு கட்டுபவர்கள் உண்டு.

விண்ணப்பிக்கும் காலமும் முக்கியம். 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாள் இருக்கும்போதிருந்துதான் விண்ணப்பிக்கலாம். குறைந்தது நாலு நாளாவது கையில் இருக்கவேண்டும். கட்டிய காசு, விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது.

எந்த வாசலால் போகிறோம் என்பதையும் கவனிக்கவேண்டும். ஈ-விசா வைத்திருப்பவர், அதற்கென்று அறிவிக்கப்பட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாகத்தான் இந்தியாவுக்குள் போகலாம். சென்னை, திருச்சி விமான நிலையங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கப்பலில் போகிறவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கட்டமுதல், நாகப்பட்டினத் துறைமுகம் அன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று அரசாங்க இணையத்தளத்தில் பார்த்தே ஆகவேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் வழமையான விசா வேறு, ஈ-விசா வேறு. ஒன்றுக்குச் செல்லும் வாசல் மற்றதற்கும் செல்லும் என்று எண்ணிவிடக்கூடாது.

வைத்தியத்துக்குப் போகிறவர்கள் சுற்றுலா விசாவில் போவது தவறு. அதற்கென்று மருத்துவ ஈ-விசா இருக்கிறது. ஆஸ்பத்திரியின் கடிதத்தோடு விண்ணப்பித்தால் 60 நாளுக்குக் கிடைக்கும். மூன்று தடவை போய்வரலாம். உடன் செல்லும் இருவருக்கும் தனி விசா உண்டு. சுற்றுலா ஈ-விசாவை இந்தியாவில் வைத்து நீடிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியாது. சென்னையிலோ வேலூரிலோ சத்திரசிகிச்சைக்கு நாள் தள்ளிப்போனால், சுற்றுலா விசாவில் போன நோயாளி திண்டாடிப்போவார்.

போலிக் கடைகள்

தேடுபொறியில் ‘இந்தியா விசா’ என்று அடித்தால், விளம்பரம் என்ற குறிப்போடு முதலில் வந்து நிற்பவற்றில் பல அரசாங்கத் தளங்கள் அல்ல. அசோகச் சின்னம், தேசியக் கொடி, ‘ஈ-விசா’ என்ற சொல், எல்லாம் இருக்கும். சில இடங்களில் உங்கள் விவரத்தை வாங்கி உண்மையான தளத்தில் ஏற்றிவிட்டு, இடையில் பல மடங்கு கட்டணம் எடுப்பார்கள். சில இடங்களில் காசு போனது போனதுதான். ‘அவசர விசா’ என்று மேலதிகப் பணம் கேட்கும் மின்னஞ்சல்களும் வருகின்றன. அப்படியான தளங்களையும் மின்னஞ்சல்களையும் நம்பவேண்டாம் என்று இந்திய அரசின் விசாத் தளமே எச்சரிக்கிறது.

உண்மையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. முகவரியின் முடிவைப் பாருங்கள். இந்திய அரசின் தளம் ‘டொட் கவ் டொட் இன்’ என்று முடியும். இலங்கை அரசின் தளம் ‘டொட் கவ் டொட் எல்கே’ என்று முடியும். ‘டொட் கொம்’, ‘டொட் ஓர்க்’ என்று முடிகிற எதிலும் கடவுச்சீட்டு இலக்கத்தைத் தட்டாதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். இலங்கை விசாவுக்கும் இதேபோன்ற போலிக் கடைகள் இணையத்தில் விரிக்கப்பட்டிருக்கின்றன.

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குப் போகும் வெளிநாட்டவர், இறங்கும் வருகை அட்டையையும் இணையத்திலேயே நிரப்பவேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குக் காசு கேட்கும் எந்தத் தளமும் போலி.

2024 தந்த பாடம்

இடையில் ஒருவர் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு அண்மையில் பார்த்தது. வெளிநாட்டவர் இலங்கைக்கு வர 2012 முதல் ‘ஈ.ரி.ஏ.’ என்ற இணையவழி அனுமதி முறை நடைமுறையில் இருந்தது. 2024 ஏப்ரல் 17 அன்று அது ஒதுக்கப்பட்டு, தனியார் நிறுவனக் கூட்டு ஒன்றின் கையில் விசாப் பணி கொடுக்கப்பட்டது. 50 டொலர் கட்டி வந்தவர்களிடம் சேவைக் கட்டணமும் சேர்த்து 100 டொலர் அளவில் கேட்கப்பட்டது. மே 1 அன்று கட்டுநாயக்கவில் ஒரு பயணி குரல் எழுப்பிய காணொளி நாடெங்கும் பரவியது. அதன் பிறகுதான், 30 நாள் விசாவுக்கான கட்டணத்தை 50 டொலரிலேயே வைத்திருக்க அமைச்சரவை முடிவெடுத்தது.

எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2024 ஓகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் புதிய ஏற்பாட்டை இடைநிறுத்தி, பழைய முறைக்குத் திரும்ப உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேற்றப்படாததால், குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே செப்டெம்பர் 25 அன்று விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பின்பே ஈ.ரி.ஏ. மீண்டது.

அந்த வழக்கு கொழும்பின் பெரிய கொடுக்கல் வாங்கல் பற்றியது. ஆனால் அதன் அடியில் உள்ள கேள்வி எங்கள் சந்திக் கடைக்கும் பொருந்தும். அரசுக்கும் விண்ணப்பதாரிக்கும் நடுவில் நிற்பவர் எவ்வளவு எடுக்கலாம்? எந்த விலைப்பட்டியலின்படி? பிழை வந்தால் யார் பொறுப்பு? எங்கள் தரவு யாரிடம் இருக்கிறது? கொழும்பில் இந்தக் கேள்விகளைக் கேட்க நீதிமன்றம் இருந்தது. சங்கானையிலும் நெல்லியடியிலும் கேட்க ஒருவரும் இல்லை.

கொமினிகேஷன் கடைகளை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த வங்கி அட்டை இல்லாத முதியவருக்கு, டொலரில் கட்டணம் செலுத்தித் தருவது அந்தக் கடைதான். அவர்கள் செய்வது தேவையான சேவை. அந்தச் சேவைக்கு ஒழுங்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

செய்யவேண்டியவை

முதலாவது, இந்தியத் துணைத் தூதரகம் ஈ-விசாப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழ் விளக்கம் எழுதி, ஒரு சிறு கையேடாகவும் காணொளியாகவும் வெளியிடவேண்டும். படிவம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எந்த வாசலில் எந்த விசா செல்லும் என்பதாவது தமிழில் இருக்கவேண்டும். அதை எல்லாக் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் தொங்கவிடலாம்.

இரண்டாவது, யாழ். மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் கிழமையில் ஒரு நாள், ஒரு மேசை, ஒரு கணினி, பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் இருந்தால் போதும். உள்நாட்டுத் திணைக்களப் படிவங்களோடு விசாப் படிவத்துக்கும் அங்கே வழிகாட்டலாம். யாழ். பொது நூலகத்தின் கணினி வசதியையும் இதற்குப் பயன்படுத்தலாம். 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்தில், சரியான இணையத்தள முகவரியையாவது தமிழில் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, படிவம் நிரப்பித் தரும் கடைகள் தமது கூலியை எழுதித் தொங்கவிடவேண்டும். விசாக் கட்டணம் தனியாக, கூலி தனியாகப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். அனுப்பமுதல் நிரப்பிய படிவத்தை அச்செடுத்து, விண்ணப்பதாரிக்குத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். பிரதேச சபைகள் வியாபார அனுமதி கொடுக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். அதிக விலை பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

நாலாவது, வேலை முடிந்ததும் கடவுச்சீட்டுப் பிரதியையும் படத்தையும் கடைக் கணினியிலிருந்தும் வட்ஸ்அப்பிலிருந்தும் வாடிக்கையாளர் கண்முன் அழிக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதன் பொருள் கடை மேசை வரை வந்துசேரவேண்டும்.

ஐந்தாவது, விமான, கப்பல் டிக்கெட் விற்பவர்கள், காசு வாங்கமுதல் ‘உங்கள் விசா எந்த வகை, இந்த வாசலில் செல்லுமா?’ என்று கேட்பதைக் கடமையாக்கவேண்டும்.

ஆறாவது, அரச வங்கிகளின் யாழ்ப்பாணக் கிளைகள், விசாக் கட்டணம் போன்ற சிறு டொலர்க் கொடுப்பனவுகளுக்கு அட்டையைத் திறப்பது எப்படி என்று முதியவர்களுக்கு உதவவேண்டும். சொந்த அட்டையில் கட்டினால், என்ன கட்டினோம் என்பது வங்கிக் கணக்கில் எழுத்தில் நிற்கும்.

பயணிக்கு ஒரு சொல்

இவை நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டு, இந்தியாவில் இறங்கும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா, இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் சதுரமான படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கிடைக்கும் தற்காலிக இலக்கத்தைக் குறித்துவைத்தால், பாதியில் விட்டாலும் பிறகு தொடரலாம். மின்னஞ்சல் முகவரி கடைக்காரருடையதாக இல்லாமல் உங்களுடையதாகவோ பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். முடிவு அந்த முகவரிக்குத்தான் வரும். காசு கட்டியதும் விசா கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். தளத்தில் உங்கள் நிலை ‘கிராண்டட்’ என்று வந்த பிறகே பெட்டி கட்டுங்கள். அதன் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால், அம்மாவின் படிவத்தை அந்தப் பிள்ளையையே நிரப்பவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, அம்மாவின் பதிலைக் கேட்டு எழுதட்டும். ஒரு மாலைப்பொழுது போகும். ஆனால் சொல்லாத பதில் ஒன்றும் அம்மாவின் பெயரில் போகாது.

நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாராளுமன்றமும் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம். மாவட்டச் செயலாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மேசை வந்துவிடும். துணைத் தூதரகம் மனம்வைத்தால் கையேடு ஒரு மாதத்தில் அச்சாகும். வரும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன், 15 பிரதேச செயலகங்களில் ஒன்றிலாவது அந்த மேசையைப் போடுங்கள். அங்கே முதல் கிழமை வரிசையில் நிற்கும் மக்களைப் பார்த்தால், மற்றப் 14 இலும் ஏன் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.